வயிற்றின் மேல் ஒரு பை
மொராவா ஆற்றங்கரை வீட்டு ஜன்னலில் பனியின் வெளிச்சம். கல்யாணங்களில் எக்காளம் ஊதும் மிலுன் கட்டிலில் மல்லாந்து கிடக்கிறான். ஊதப் பழகுகிறவர்கள் செய்வதுபோல், மனைவி யோர்தானா அவன் வயிற்றில் ஒரு பை பீன்ஸை வைக்கிறாள். மூச்சை இழுத்தால் உதரவிதானத் தசை கீழே இறங்கி வயிற்றைத் தள்ளும். பை எழும்ப வேண்டும். அந்தத் தசையின் நரம்புகள் செத்துவருவதாக மருத்துவர் சொன்னதை அவள் நம்பவில்லை. “மூணு ஊருக்குக் கேக்க ஊதுன ஆளு, இதத் தூக்க மாட்டியா?” என்கிறாள். “சமைச்சுப் போடு... உள்ள வச்சு... தூக்குறேன்,” என்கிறான் மிலுன். சிரித்துவிட்டு அவள் பையையே பார்க்கிறாள். அவன் மூச்சை இழுக்கிறான். கழுத்து புடைக்கிறது, தோள்கள் காதுவரை ஏறுகின்றன. பை உள்ளே அமிழ்கிறது. “எழும்புச்சா?” என்று கேட்கிறான். “ம், நல்லா எழும்புச்சு.” அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறான். முப்பது வருஷம் ஊதியவனுக்குத் தன் வயிறு போகும் திசை தெரியாதா?