கண்ணில் படாத ஹெட்செட்

ஹெட்செட்டைப் பிடுங்கி, யூஎஸ்பி துளையில் ஊதிவிட்டு, மறுபடி செருகினார்.

கறுப்புத் திரையில் கட்டளை அடித்தார். லேப்டாப்பில் செருகியிருக்கும் சாமான்களின் பட்டியல் வந்தது. கேமரா இருந்தது, மவுஸ் இருந்தது. ஹெட்செட்டை மட்டும் காணோம்.

நாலு மணிக்கு மகள் பேசுவதாகச் சொல்லியிருந்தாள். அவரோடு.

அம்மாவோடு அவள் பேசாத நாள் இல்லை. அவரோடு பேச்சு நின்றுதான் மாசக்கணக்காகிறது. வேற்றூரில் இருப்பவளுக்கு இங்கே மாற்றல் கேட்டு, அவளுக்கே தெரியாமல் அவள் மேனேஜருக்குப் போன் போட்ட மகானுபாவர் இவர். நல்லதுக்குத்தானே செய்தேன் என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம்.

மனைவி தூது போய்க் கெஞ்சி வாங்கிக் கொடுத்த நாலு மணி இது. அம்மா போனில் வேண்டாம், அம்மா நடுவில் புகுந்துவிடுவாள், அப்பா தன் லேப்டாப்பில் தனியாக வரட்டும் என்பது மகள் போட்ட நிபந்தனை. லேப்டாப்பின் சொந்த மைக் செத்து வெகுகாலம்.

ஆபீசில் ஊர்ப்பட்ட மெஷின்களுக்கு வைத்தியம் பார்ப்பதுதான் அவர் பிழைப்பு. அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தும் அதே வேலை. தோள்பட்டை விண்விண் என்று தெறித்தது.

சத்தத்தை இயக்கும் டிரைவர் புரோகிராம்தான் மக்கர் பண்ணுகிறது என்று முடிவு கட்டினார். ஹெட்செட்டை மாட்டி ஒரு வார்த்தை பேசிப் பார்த்திருக்கலாம். விண்டோஸை விட்டு லினக்ஸ் ஓட்டுகிறவர்கள் அப்படியெல்லாம் செய்வதில்லை. திரை சொன்னால்தான் நம்புவார்கள்.

சவுண்டு டிரைவரை அடியோடு கழற்றினார். ஹெட்செட்டையும் பிடுங்கி மடியில் போட்டுக்கொண்டு கண்ணை மூடினார். கொஞ்ச நேரம் யாரும் எதுவும் கேட்காமல் இருந்தால் போதும் என்றிருந்தது.

மனைவி போனும் கையுமாக வந்து நின்றாள்.

"அவ இப்பத்தான் ஹெட்செட்டைச் செருகினாளாம், சத்தமே வரலையாம். இன்னொரு நாள் பேசிக்கலாமான்னு கேக்கறா."

கண்ணைத் திறந்தார். திரையில் புதிதாக ஒரு வரி: ஹெட்செட் செருகப்பட்டது. அடுத்த வரி: பிடுங்கப்பட்டது. மறுபடி, செருகப்பட்டது.

அவருடைய ஹெட்செட் மடியில் கிடந்தது.

பட்டியலில் மவுஸ் வேறு. அவர் மேசையில் மவுஸே கிடையாது.

மகள் வேலைக்குப் போனபோது அவள் லேப்டாப்பிலும் இதே லினக்ஸை அவர்தான் ஏற்றிக் கொடுத்தார். கோளாறு வந்தால் இங்கிருந்தே உள்ளே போய்ச் சரிசெய்ய ஒரு வழியும் வைத்தார். சண்டைக்குப் பிறகு அந்த வழியை அவள் அடைத்துவிட்டாள் என்றுதான் மனைவியிடம் சொல்லி வைத்திருந்தார்.

அந்த வழியாகத் திறந்து மூடாமல் விட்ட கறுப்புத் திரை இது; இவ்வளவு நேரமும் செருகியது இங்கே, தேடியது அவள் லேப்டாப்பில். கழற்றியதும் அங்கே. ஆபீசில் சின்னப் பையன்கள் இப்படி வேறு மெஷினில் கை வைத்தால் நார் நாராகக் கிழிப்பவர் அவர்தான்.

"இரு, இரு. கொஞ்சம் பொறுக்கச் சொல்லு," என்றார். மறுபடி அவளுக்குத் தெரியாமல், மறுபடி அவள் சாமானில். இது மட்டும் தெரிந்தால் இந்த ஜென்மத்தில் பேசமாட்டாள்.

அவள் டிரைவரைத் திரும்ப ஏற்றினார். சத்தம் போடாமல் வெளியேறிவிடலாம் என்று கட்டளையை அடிக்கும்போதே திரையில் எழுத்துகள் வந்து விழுந்தன. அந்த மெஷின் முன்னால் உட்கார்ந்திருப்பவர், உள்ளே வந்திருப்பவருக்கு எழுதும் வரிகள்.

"சவுண்டு வந்துடுச்சுப்பா. நாலு மணிக்குக் கூப்பிடறேன். தினமும் காலைல வந்து, மெஷின் ஓடுதான்னு பாத்துட்டு, சத்தமில்லாமப் போவீங்களே, அப்படியே போங்க. எதையும் தொடாதீங்க."