படத்துக்குள் என் பெயர்

இதைப் பிழையாகச் சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். கேட்கிறவர்கள் போடில் அம்மாவைத் தப்பாக நினைத்தால் பாவம் எனக்குத்தான்.

டென்மார்க்கில் ஒடென்சே என்ற ஊரில் அவர் வீட்டைக் கிழமைக்கு ஒருநாள் துப்புரவாக்கப் போவேன். கணவரும் மகள் றஜனியும் யாழ்ப்பாணத்தில். எங்கள் ஆட்களின் விண்ணப்பங்கள் ஒன்றுமே அசையாத காலம் அது. அவர்களைக் கூப்பிட நான் எழுதிப்போட்டு ஒன்றரை வருடம். பதில் இல்லை.

முதல் நாளே அந்த வீட்டில் ஏமாந்தேன். சுவரில் ஒரு பலகை. குறுக்கே அடித்த நாடாக்களில் செருகிய பழைய கடிதங்கள், பக்கத்தில் ஒரு பூட்டுத் திறப்பு, புகைக்கிற சுங்கான் ஒன்று. ஒரு கடிதம் விழப்போகிற மாதிரிச் சரிந்திருந்தது. மேலே தள்ளிவிடப் போனேன். விரல் வழுக்கியது. எல்லாம் வெறும் படம்.

போடில் அம்மா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

“அமெரிக்காவில கீறின நூறு வருசப் படம். வெக்கப்படாத, எங்கட பாதிரியாரும் அந்தத் திறப்பை எடுக்கப் பாத்தவர்.”

பிறகு ஒருமுறை அவர் கோல்டிங் என்ற ஊரில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். தூசு தட்டப் போனால், படத்தில் புதிதாக ஒரு கடித உறை. அதில் என் பெயர், தங்கமலர்.

போடில் அம்மாவும் படம் கீறுவார். என்னை ஏமாற்ற அவரே அதைக் கீறிச் சேர்த்திருக்கிறார் என்று நினைத்தேன். சிநேகிதி சரோஜினிதேவியிடம் சொன்னேன்.

“தொட்டிடாதேங்கோ அக்கா. நாங்கள் தபால்காரனைப் பாத்துக்கொண்டு கிடக்கிறது அவவுக்குப் பகிடி.”

மூன்று கிழமை அந்தப் பக்கமே பார்க்காமல் துடைத்தேன்.

அவர் திரும்பி வந்த அன்று வீட்டுத் திறப்பை மேசையில் வைத்தேன்.

“இனி வரமாட்டன். என்னை ஏமாத்திச் சிரிச்சது காணும்.”

“நான் எப்ப சிரிச்சனான்?”

படத்தைக் காட்டினேன். அவர் போய் உறையைப் பிடித்து இழுத்தார். சட்டத்தின் விளிம்பில் செருகியிருந்த அது கையோடு வந்தது.

“நீ இதை எடுக்கவே இல்லையா? கையெழுத்து வைச்சுத் தபாலில போட்டிருப்பாய் எண்டெல்லோ நினைச்சன்.”

உள்ளே இரண்டு பக்கம். தங்கமலரின் கணவரையும் மகளையும் ஏன் இன்னும் நாட்டுக்குள் விடவில்லை என்று கொப்பனேகன் குடிவரவு அலுவலகத்துக்கு அவர் எழுதிய கடிதம். நான் கையெழுத்து வைக்கப் பென்சிலால் ஒரு கோடு. முத்திரை ஒட்டிய இன்னோர் உறையும் இருந்தது.

“ஏன் அம்மா, அதுக்குள்ள கொண்டுபோய் வைச்சனீங்கள்?”

“வீட்டுக்குள்ள வந்தவுடன நீ பாக்கிறது அந்தக் கடிதங்களைத்தானே, தங்கமலர்.”

என் கையெழுத்து பென்சில் கோட்டைத் தாண்டிப் போனது. இரண்டு பேருமாகத் தபால் பெட்டிவரை நடந்தோம். திறப்பை அவரே என் கைப்பைக்குள் போட்டுவிட்டார்.

அதன்பிறகு, அந்தப் படத்திலுள்ள கடிதங்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்த பிறகுதான் துடைப்பேன். போடில் அம்மா ஒவ்வொரு கிழமையும் சிரிப்பார். சிரிக்கட்டும்.