பித்தளை மூடி

"அந்த இடத்துல மட்டும் கை வைக்காதேம்மா!"

மாமனார் பதறியதை மருமகள் காதில் வாங்கவில்லை. பழைய மோட்டார் சைக்கிளின் ஹேண்டில்பாருக்குக் கீழே, சேஸிஸ் நம்பர் குத்தியிருந்த இரும்பை எமரித் தாளால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"நாளைக்குப் பழைய வண்டிச் சங்கத்து ஆளுங்க பரிசோதிக்க வர்றாங்க மாமா. நம்பர் மங்கலா இருந்தா, நூறு வருஷத்து வண்டின்னு எப்படி ஒத்துக்குவாங்க?"

"விடுங்கப்பா, அவளுக்குத் தெரியாததா?" என்றான் டார்ச் பிடித்திருந்த கணவன்.

வீட்டு ஆளைத் தவிர யாரையும் அப்பா இந்த ஷெட்டுக்குள் விட்டதில்லை. இவளையே முதலில் வாசலோடு திருப்பி அனுப்பியவர்தான். பத்திரிகையில் போட்டோ பார்த்துவிட்டு வண்டியைப் பார்க்க வந்தவள், அவனைப் பார்த்ததும் மயங்கிவிட்டாள். அப்படித்தான் அவன் எல்லோரிடமும் சொல்வான். கல்யாணத்துக்குப் பிறகு துருவேறிக் கிடந்த வண்டியை ஒற்றை ஆளாகக் கழற்றிப் பூட்டினாள். "என் பொண்டாட்டி என்னைவிட இதோடதான் அதிகம் குடித்தனம் நடத்துறா" என்று சொல்லிச் சிரிப்பான்.

"எங்கப்பா புதுசா வாங்கின வண்டிம்மா. சந்தேகப்பட்டாங்கன்னா இந்தச் செயின் மூடியைக் காட்டு. கம்பெனி பித்தளை. உலகத்துல வேற எங்கேயும் கிடைக்காது" என்றார் மாமனார்.

"கிடைக்காதுதான்" என்றபடி அமிலத்தில் பஞ்சை நனைத்து இரும்பில் ஒற்றினாள். "பழைய நம்பரை அராவிட்டு வேற நம்பர் குத்தியிருந்தாலும், முதல்ல விழுந்த அடி இரும்புக்குள்ள இறங்கியிருக்கும். அமிலம் பட்டா மேல வந்துடும்."

மாமனார் ஸ்பேனர் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார்.

இரும்பு கறுத்தது. நம்பருக்கு அடியில் புகை மாதிரி இன்னொரு வரிசை.

"அப்பா, கீழே வேற ஏதோ நம்பர் தெரியுதுப்பா!"

அவள் வண்டிக்கு முதுகைக் காட்டித் திரும்பினாள். மாமனாரைப் பார்த்தபடி நிதானமாகச் சொன்னாள்: "ரெண்டு, ஏழு, ஒன்பது, ஏழு, நாலு."

அவள் முதுகுக்குப் பின்னால் அதே வரிசையில் எண்கள் தெளிந்தன. கணவன் டார்ச்சை இன்னும் கிட்டே கொண்டுபோனான்.

"உ... உனக்கெப்படித் தெரியும்?"

"வண்டி திருடுபோனதிலிருந்து சாகிற வரைக்கும் எங்கப்பா போலீஸ் ஸ்டேஷன் ஸ்டேஷனா ஏறி இறங்கிச் சொன்ன நம்பர். அந்த மூடி கம்பெனி மூடி இல்ல மாமா. எங்க வீட்டுக் குடத்தை வெட்டி எங்கப்பா தட்டினது. உள்பக்கம் எங்கம்மா பேர்ல பாதி இருக்கு. நீங்க ஒரு நாளாவது கழற்றிப் பார்த்திருக்கலாம்."

மாமனாரின் பார்வை செயின் மூடிமேல் போய் நின்றது.

கணவனுக்கு அப்பாவைப் பார்க்கத் தோன்றவில்லை. அவளையே பார்த்தான்.

"அன்னிக்கு... என்னைப் பார்த்ததுமே பிடிச்சுப்போச்சுன்னு சொன்னியே?"

அவள் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"வீட்டு ஆளைத் தவிர யாரும் வண்டியைத் தொடக்கூடாதுன்னாரு உங்கப்பா. நான் வீட்டு ஆளாயிட்டேன்."