பதினைந்து நாள் ஆப்பரேஷன்

செங்கோட்டையன் முகக்கவசத்தைக் கண் வரைக்கும் ஏற்றி இழுத்துவிட்டுக்கொண்டார். "ஆஸ்பத்திரிக் கிருமி சும்மா உடாது" என்றார். அஸ்தம்பட்டி கிளினிக்கில் அந்தச் சித்திரைப் புழுக்கத்தில் வேறு யாரும் மூடிக்கொண்டிருக்கவில்லை.

பக்கத்தில் அவருடைய தங்கை மகள் ராஜம்மாள், ஆப்பரேஷன் சம்மதப் படிவத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெண்ணந்தூரில் அங்கன்வாடி டீச்சர். குரல் நாண் ஒன்று செயலிழந்து எட்டு மாதமாகிறது. பேசினால் காற்றுத்தான் வருகிறது. முப்பது குழந்தைகளைக் கைதட்டியே மேய்க்கிறாள்.

"காலைல அறுத்துப்போட்டு சாயங்காலம் ஊட்டுக்குப் போன்னுருவாங்களாம். இதென்ன ஆஸ்பத்திரியா, லாரிப் பட்டறையா?" மாமாவின் குரல் கடைசி நாற்காலி வரை போயிற்று.

அவர் பேச்சுக்குச் சொந்தத்தில் மறுபேச்சு கிடையாது. போன வருடம் இதே கோளாறு வந்து, கோயமுத்தூரில் பதினைந்து நாள் படுத்து, கணீர்க் குரலோடு திரும்பியவர். அந்தப் பதினைந்து நாளும் ஒருவரையும் வந்து பார்க்க விடவில்லை. திரும்பிய பிறகு அவர் வீட்டில் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் குவிந்தன. நோயைப் படுத்த நாளால் அளக்கிற சொந்தக்கூட்டம் அது. ஒரே நாளில் எழுந்துவிட்டால் சளிக்காய்ச்சல் என்று சொல்லிவிடும்.

"கழுத்து மட்டுந்தான் மரத்துப்போகுமாங்க மாமா" என்றாள் ராஜம்மாள், மூச்சை இழுத்து இழுத்து. "நம்மளப் பேச வெச்சுக் கேட்டுக்கிட்டே, குரல் சரியா வார வரைக்கும் உள்ள ஒரு சின்னத் துண்ட வெச்சுத் திருத்துவாங்களாம். சாயங்காலம் வரைக்கும் மூச்சப் பாப்பாங்க. வீக்கம் இருந்தா ராத்திரிக்கு அனுப்ப மாட்டாங்களாம்."

அதற்குள் இருமல் வந்துவிட்டது. மாமா எழுந்து, யாரையும் கேட்காமல் மாடிப்படிக்குப் பின்னால் போய், அங்கிருந்த குழாயில் தண்ணீர் பிடித்து வந்தார். ஒரு வாய் குடித்தாள்; அதுவும் புரையேறியது.

"ஒரு நாள் படுத்தவள எந்த ஒரம்பரை, எந்தச் சொந்தம் வந்து பாக்கும்? உசுருக்கு ஒண்ணுன்னா யாரு சாமி பதில் சொல்றது? எந்திரி, கோயமுத்தூருக்கே போலாம்."

இன்றைக்கு விட்டால் மறுபடி இங்கே வரத் தைரியம் வராது என்று ராஜம்மாளுக்குத் தெரியும். ஆனாலும் படிவத்துக்காகக் காத்து நின்ற நர்ஸிடம் பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"எங்க புள்ளய உங்க அவசரத்துக்கெல்லாம் உட முடியாதுங்க" என்று நர்ஸைப் பிடித்துக்கொண்டார் செங்கோட்டையன்.

உள் அறைக் கதவு திறந்தது. டாக்டர் கலைமணி வாசலிலேயே நின்று, பாட்டுக் கேட்பவரைப் போலத் தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு அந்த முகக்கவசத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"நான் வெச்ச குரல் எனக்குத் தெரியாதுங்களா? போன வருசம் அஞ்சு மணி பஸ்ஸுக்கே ஊட்டுக்குக் கெளம்பிட்டீங்களே, கழுத்து இப்ப எப்படி இருக்குதுங்க?"

செங்கோட்டையன் முகக்கவசத்தை இன்னும் மேலே இழுத்தார்.

ராஜம்மாள் பேனாவைத் திரும்ப வாங்கிக் கையெழுத்தைப் போட்டாள். ஹால் அவ்வளவு அமைதியாக இருந்ததால், அவள் கேட்டது எல்லோருக்கும் கேட்டது.

"அந்தப் பதினஞ்சு நாளும் எங்க மாமா இருந்தீங்க?"