பவளக்கால் உள்ளான்

சென்னியப்பன் புதுக் கேமரா வாங்கியபோது பழையதை மனைவி துளசிமணியிடம் கொடுத்தார். ஆறே மாதத்தில், பறவை பார்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் அவள் எடுக்கும் படங்களைக் கொண்டாட ஆரம்பித்துவிட்டார்கள். பதினான்கு வருடமாகப் பறவைகளைப் படமெடுக்க ஊர்க் குளத்துக்கு வரும் அவருடைய படத்துக்கு இரண்டு கட்டைவிரல் விழுந்தால் அதிகம்.

அன்று காலையில் இருவரும் கரைச் சேற்றில் குப்புறப் படுத்திருந்தார்கள். பவளக்கால் உள்ளான் ஒன்று நீண்ட சிவப்புக் கால்களை ஒவ்வொன்றாகத் தூக்கிவைத்து, ஆழமில்லாத நீரில் நடந்து வந்தது. தன்னிடம்தான் வருகிறது என்று நினைத்தார். அது திரும்பி நேராக அவளிடம் போய்ப் பத்தடி தூரத்தில் நின்றது. அவருக்கு வால் மட்டுமே தெரிந்தது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு விரலை அழுத்தப்போகும் நேரம் பார்த்து அவர் பலமாக இருமினார்.

பறவை விருட்டென்று எழும்பியது. அவளுடைய கேமரா படபடவென்று ஓடியது.

"சளி புடிச்சிருச்சாட்ட இருக்குது" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

அவள் ஊர்ந்து வந்து கேமராவின் திரையைக் காட்டினாள். விரித்த கறுப்புச் சிறகுகள், பின்னால் நீண்ட சிவப்புக் கால்கள், அவற்றிலிருந்து சிதறும் நீர்த்துளிகள். பதினான்கு வருடத்தில் அவருக்கு ஒருமுறைகூட அமையாத படம்.

"நல்லாருக்குது" என்றார்.

குளத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு உள்ளான் மறுபடியும் அவள் பக்கமே இறங்கியது. துளசிமணி கேமராவைக் கண்ணில் பொருத்திக்கொண்டாள்.

"ஏனுங்க" என்றாள், திரும்பாமலே. "நாஞ் சொல்றப்ப இன்னொருக்கா இருமுங்க."