தவளை கண்ட இருட்டு

குளக்கரைப் பல்லி ஒன்று தனியாளாக ஒரு வீடியோ கேம் செய்தது. நாலு பக்கமும் கொசுப்படை பாய்ந்து வரும். கடிபடுவதற்குள் சுட்டுத் தள்ள வேண்டும்.

அந்தக் குளத்தில் தவளையைக் கேட்காமல் யாரும் எதையும் தொடமாட்டார்கள். அதனால் பல்லி முதலில் தவளையை ஆட வைத்தது.

ஒன்பது முறை தோற்ற பிறகு தவளை சொன்னது: "ஆட்டம் பரவாயில்லை தம்பி. ஆனால் ஒரு கொசுவைச் சுட்டதும் திரை இருண்டு போகிறது. அந்த இருட்டில்தான் அடுத்த கொசு கடிக்கிறது. இதை எப்படி நாலு பேரிடம் நல்லதென்று சொல்வேன்?"

பல்லி பதறிப்போய் மூன்று நாள் ஆடிப் பார்த்தது. அதன் கண்ணுக்கு இமையே கிடையாது. அப்படியும் இருட்டு அகப்படவில்லை. நாலாம் நாள் திரையை விட்டுவிட்டு, ஆடுகிற தவளையைப் பார்த்தது. கொசு விழுந்ததும், நிஜக் கொசுவே வாயில் விழுந்ததுபோல் தவளை எச்சிலை விழுங்கியது. விழுங்கும்போது கண் இரண்டும் இறுக மூடிக்கொண்டன.

பல்லி நேரே போய் ஆட்டத்தைத் திருத்த உட்கார்ந்தது. ஒரு கொசு விழுந்தால் மற்றவை ஒரு நொடி நிற்கும்படி மாற்றிவிட்டது.

"நான் சொன்ன பிறகுதான் ஆட்டம் தேறியது," என்று தவளை குளம் முழுக்கச் சொல்லிவந்தது. கூட்டம் கூடியது.

முதலில் ஆடியது கெண்டை மீன். அதற்கும் இமை கிடையாது.

"நல்லாத்தான் இருக்கு அண்ணே," என்றது கெண்டை. "ஆனா இந்தக் கொசுவெல்லாம் ஏன் நடுநடுவே தூங்கிடுது?"

பல்லி 'ச்சு' கொட்ட வாயெடுத்தது. அதற்கும் பலன் பார்க்க ஆரம்பித்துவிடுவார்களே என்று அடக்கிக்கொண்டது.