அன்ரிமார்க்கபிள்

"அன்ரிமார்க்கபிள்" என்றார் டாக்டர்.

ஹெலனிடம் இல்லை. மூலையில் உட்கார்ந்து டைப் செய்துகொண்டிருந்த பெண்ணிடம்.

ஹெலனின் வயிற்றின் மேல் ஸ்கேன் கருவியைக் கொஞ்சம் நகர்த்தினார். திரையைக் கூர்ந்து பார்த்தார். மறுபடியும் அதே வார்த்தை.

ஸ்பைனுக்குச் சொன்னார். ஹார்ட்டுக்கும் சொன்னார். ஸ்பைன் என்றால் முதுகெலும்பு, ஹார்ட் என்றால் இதயம் என்று ஹெலனுக்குத் தெரியும். அதற்குப் பின்னால் வந்ததுதான் தெரியவில்லை.

"எழுந்து வெளிய போய் உக்காரும்மா. ரிப்போர்ட் வரக் கொஞ்சம் லேட்டாவும்."

அர்த்தம் கேட்டிருக்கலாம். கேட்க வாய் வரவில்லை.

போன வருஷம் இதேபோல ஒரு அறையில் அவள் ஒரு வார்த்தைக்கு அர்த்தம் கேட்டிருக்கிறாள். 'மிஸ்டு' என்றார்கள். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் மிஸ்டு கால்தான். வயிற்றுக்குள் குழந்தையின் துடிப்பு சத்தமில்லாமல் நின்றுபோனாலும் அதே வார்த்தையைத்தான் சொல்வார்கள் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டாள்.

சேலையைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தாள்.

வரிசையாகப் போட்டிருந்த இரும்பு நாற்காலிகளில் ஒன்றிலிருந்து அவள் கணவன் டேனியல் எழுந்தான். அவள் முகத்தைப் பார்த்தான். அவளை உட்காரவைத்து, பையிலிருந்து டிபன் பாக்ஸை எடுத்தான். தக்காளி சாதம். விடியற்காலையில் அவனே கிளறியது.

காலையிலிருந்து அவளுக்கு எதுவும் இறங்கவில்லை. ஆம்பூரில் பஸ் ஏறி, பள்ளிகொண்டா தாண்டும்போது அவன் வாழைப்பழம் உரித்துக் கொடுத்தான். அதைக் கையிலேயே வைத்திருந்து, வேலூரில் இறங்கியதும் பஸ் ஸ்டாண்டு ஓரம் நின்ற மாட்டுக்குக் கொடுத்துவிட்டாள்.

"ரெண்டு வாய் சாப்புடு ஹெலன்."

அவள் மூடியைத் திறக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தாள்.

இருவருக்கும் ஒரே ஷூ கம்பெனியில் வேலை. அவள் தையல் பிரிவில் ஷூவின் மேல்பாகம் தைக்கிறாள். 'அன்' என்று தொடங்கும் வார்த்தைகளில் அங்கே தினமும் காதில் விழுவது ஒன்றுதான். தோலில் கீறலோ ஓட்டையோ இருந்தால் சூப்பர்வைசர் அதைத் தூக்கி ஓரமாக எறிவார். அன்ஃபிட்.

"அன்ரிமார்க்கபிள்னா இன்னாங்க?"

குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி கேட்டாள்.

"கொழந்தையோட முதுகு அன்ரிமார்க்கபிளாம். இதயமும் அன்ரிமார்க்கபிளாம். டாக்டர் சிரிக்கக்கூட இல்லீங்க."

மடியிலிருந்த டிபன் பாக்ஸை இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

டேனியலிடம் கேட்டால் தெரிந்துவிடும் என்பதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை. அவன் ஃபைனல் செக்கிங்கில் இருக்கிறான். ஜெர்மனியிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் ஷூ வாங்குகிற பையர்கள் வரும்போது பக்கத்தில் நிற்பவன் அவன்தான். அவர்கள் பேசப் பேச இவன் தலையை ஆட்டி, இடையிடையே "எஸ் சார், நோ ப்ராப்ளம் சார்" என்பான். தையல் மெஷினிலிருந்து நிமிர்ந்து அவள் அதைப் பலமுறை பார்த்திருக்கிறாள். பக்கத்து மெஷின்காரிகளிடம் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறாள்.

அவன் யோசிக்கவே இல்லை.

"அடச்சே, இதுக்கா இப்படி பேஜார் ஆவுற? ஷூவ பையர் செக் பண்றான் இல்ல, எப்ப ரிமார்க் எழுதுவான்? எதுனா குறை இருந்தாத்தான? குறையே இல்லன்னா இன்னாத்த எழுதுவான்? கம்முனு அடுத்த ஜோடிய எடுத்துடுவான். அதான் இது. ரிமார்க் எழுத ஒண்ணுமே இல்லன்னு அர்த்தம்."

"நெஜமாவா?"

"பின்ன? நம்ம கொழந்த பாஸு."

அவள் அவன் கண்களையே பார்த்தாள். அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு அவளுக்குப் போதுமானதாக இருந்தது.

மூடியைத் திறந்தாள். முதல் வாய் மெதுவாக இறங்கியது. அடுத்தது அவ்வளவு மெதுவாக இல்லை. பாதி சாப்பிட்டுவிட்டு, "உப்பு கம்மி" என்றாள். அவள் குறை சொன்னதைக் கேட்க அவனுக்கு அத்தனை சந்தோஷமாக இருந்தது.

டிபன் பாக்ஸ் காலியானதும் வயிற்றின் மேல் ஒரு கையை வைத்தபடி சுவரில் சாய்ந்தாள். ராத்திரியெல்லாம் தூங்காதவள். கண்கள் தானாக மூடிக்கொண்டன.

"பாக்ஸ கழுவினு வர்றேன்" என்று அவன் எழுந்தான்.

குழாய் வலது பக்கம் இருந்தது. அவன் இடது பக்கம் திரும்பி, ரிசப்ஷன் கவுன்டரின் முன்னால் போய் நின்றான். ஷஹீன் பானு என்று சட்டையில் பெயர் அட்டை குத்தியிருந்த பெண் கம்ப்யூட்டரிலிருந்து நிமிர்ந்தாள்.

அவன் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டான். ஹெலன் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"மேடம், ஒரு இங்கிலீஷ் வார்த்த. அன்ரிமார்க்கபிள்னு. அப்படின்னா இன்னா மேடம்?"

அந்த வார்த்தையை அவன் வாழ்க்கையில் இன்றைக்குத்தான் கேட்கிறான். பையர்கள் பேசுவதில் பாதி அவனுக்குப் புரியாது. முகத்தைப் பார்த்துத்தான் தலையை ஆட்டுவான்.

"ஸ்கேன்ல சொன்னாங்களாண்ணா?"

"ஆமா மேடம். கொழந்தைக்கு."

பதில் வருவதற்குள் ஹெலனை எழுப்பி எப்படிச் சொல்வது, அவள் சாப்பிட்டது வயிற்றில் தங்குமா என்றெல்லாம் மனம் ஓடியது.

"நார்மல்னு அர்த்தம்ண்ணா. ஒரு குறையும் இல்லன்னா அப்படித்தான் சொல்லுவாங்க. நல்ல வார்த்தைதான்."

டேனியல் கவுன்டரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். உதடு கோணியது. சட்டைக் கையால் முகத்தை அழுந்தத் துடைத்தான்.

"இன்னொரு வாட்டி சொல்லுங்க மேடம்" என்றான்.